நான் மூன்று முறை கேட்டேன்

நான் வேலை பார்த்த கல்லூரியின் விளக்கக் கையேட்டில் ஒரு வரி வருடந்தோறும் மாறாமல் அச்சாகும். சாதி, மதம், மொழி வேறுபாடு பாராமல் அனைவரையும் ஏற்றுக்கொள்ளும் கல்லூரி இது என்று. அந்த வரியை எழுதியவள் நான்தான். தமிழ்த்துறை என்பதால் வரவேற்புரை, நன்றியுரை, இரங்கல் தீர்மானம், கையேடு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எழுதிய அன்று அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வரியை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். 2024 நவம்பரில் ஒரு தீர்ப்பைப் பற்றிய செய்தியைப் படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. தீர்ப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தூக்கத்தைக் கெடுத்தது அது மட்டுமல்ல. பல வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்துப் புதன்கிழமை, மூன்றாவது மணியில் நான் கேட்ட மூன்று கேள்விகள் திரும்ப வந்து காதில் விழுந்தன.

நீலகிரியில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரிக்கு யார் யார் வருவார்கள் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹட்டிகள் என்கிற தங்கள் ஊர்களிலிருந்து படகர் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுடைய ஹெத்தையம்மன் பண்டிகை வந்தால் பாதி பெஞ்சு காலி. குன்னூர் பஜாரின் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கூடலூர்ப் பக்கத்திலிருந்து மலையாளம் பேசுகிறவர்கள், எப்போதாவது ஒரு தோடர் பெண், ஒரு கோத்தர் பையன். மலையின் ஆறு பழங்குடிகளில் பணியரும் காட்டுநாயக்கரும் எங்கள் வகுப்புவரை வந்து சேர்ந்ததை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அதைக் கையேட்டில் எழுதவில்லை. விடுதியில் மணிப்பூரிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள். பிறகு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியதே, அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகள். அரசுக் காகிதத்தில் தாயகம் திரும்பியோர். ஊர் வாயில் இன்றைக்கும் சிலோன்காரர்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு தேயிலை நட்டு, அது பின்னர் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. அந்த லைன்களிலிருந்து கல்லூரிக்கு வருவதென்றால் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதல் பஸ் வரவில்லை என்றால் முதல் இரண்டு மணி வகுப்பு போயிற்று.

முந்நூறு பேர்கூட இல்லாத கல்லூரி என்பதால் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை தெரியும். சின்ன இடத்தின் அருமையே அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

வேதபாடமும் நன்னெறியும்

கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தெரியும், வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு நன்னெறி. அதில் திருக்குறள், ஒழுக்கம், கொஞ்சம் காந்தி, கொஞ்சம் நேர நிர்வாகம். யாரையும் மதம் மாற்றுகிறோம் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது, நல்லெண்ணத்தில் செய்ததுதான். கணிசமான கல்லூரிகளில் பிரச்சினையில்லாமல் நடக்கிறது. மாணவர்கள் நாற்காலியை நகர்த்தும் சத்தத்தோடு எழுந்து, பாதிப் பேர் கீழே போவார்கள். மணிப்பூர்ப் பெண் ஒருத்தி முதல் வாரம் குழம்பிப்போய் என்னிடம் வந்து, "எங்கள் கிராமத்தில் எல்லோருமே கிறிஸ்தவர்கள் மிஸ், பிரிந்து உட்காருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை" என்றாள். நான் சிரித்தேன். யோசித்திருக்க வேண்டிய இடம் அது, சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரி. நாங்கள் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். இருந்தாலும் நன்னெறி வகுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது, திருக்குறள் இருப்பதால். பெயர்ப் பட்டியல் அலுவலகத்திலிருந்து வரும். சேர்க்கை விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்து எழுத்தர் பிரித்துக் கொடுப்பார்.

அந்தப் பெண் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். லைன் வீட்டுப் பிள்ளை. சனி, ஞாயிறுகளில் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போவாள் என்பது கையைப் பார்த்தாலே தெரியும். ஆள்காட்டி விரலின் ஓரத்திலும் கட்டைவிரல் நகத்தடியிலும் ஒரு பழுப்புக் கறை. திங்கட்கிழமை அடர்த்தியாக இருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் மங்கும், மறுபடி திங்கட்கிழமை வரும். குரல் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதால் டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல் குழுவில் சேர்த்திருந்தார்கள். பாடல் குழுவில் மதம் பார்ப்பதில்லை. எங்கள் குழுவில் தபேலா வாசித்தவன் பஜார் பிள்ளையார் கோயில் பூசாரி வீட்டுப் பையன்.

ஒத்திகையை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பழைய கீர்த்தனை. மற்றவர்கள் இரண்டாவது சரணத்திலேயே புத்தகத்தைத் தேடினார்கள். இவள் எல்லாச் சரணங்களையும் பார்க்காமல் பாடினாள். அதுகூடப் பரவாயில்லை, மனப்பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இடத்தில் வரி முடிந்தும் மூச்சு வாங்காமல் இழுத்து, அடுத்த வரியின் முதல் சொல்லைத் தொட்டுவிட்டுத்தான் நிறுத்தினாள். என் பாட்டி மாலை ஜெபத்தில் அப்படித்தான் இழுப்பார். எந்தப் புத்தகத்திலும் அந்த இழுப்பு எழுதப்படவில்லை. விளக்கு வைத்த பிறகு பாயில் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் பெரியவர்கள் பாடக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் அது வரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விடுமுறை முடிந்து ஜனவரி. உறைபனிக் காலம், விளையாட்டு மைதானத்தில் உப்பைக் கொட்டிவைத்ததுபோல் இருக்கும். ஹெத்தை பண்டிகைக்குப் படகர் பிள்ளைகள் போயிருந்ததால் நன்னெறி வகுப்பு பாதிகூட நிரம்பவில்லை. மற்ற நாட்களில் கூட்டத்தில் கலந்துவிடும் முகங்கள் அன்று தனித்தனியாகத் தெரிந்தன. ஜன்னலோரம் அவள். நான் பட்டியலைப் பார்க்கவே இல்லை. ஒத்திகை ஞாபகத்தில், உள்ளபடியே அன்போடுதான் கேட்டேன்.

"நீ ஏனம்மா இங்கே இருக்கிறாய்? வேதபாடம் கீழே அல்லவா நடக்கிறது?"

"இல்லை மிஸ். என் பெயர் இந்த வகுப்பில்தான் இருக்கிறது."

"தவறாக எழுதியிருப்பார்கள். நீ கிறிஸ்தவப் பெண்தானே?"

"இல்லை மிஸ். நாங்கள் இந்து."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மேசையில் யாரோ பேனாவால் கிறுக்கிய கறையை அவள் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது போகாது என்று அவளுக்கே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது முறையும் கேட்டேன், அதுவும் விளையாட்டுக் குரலில். "அப்படியென்றால் அந்தக் கீர்த்தனையை எங்கே கற்றாய்?"

"பக்கத்து வீட்டில் பாடுவார்கள் மிஸ்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனும் அதே பஸ்ஸில் வருகிறவன்.

அலுவலக அறையில்

அன்று மாலைவரை எனக்கு அவள்மேல்தான் கோபம். இதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. சேவல் கூவுவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடன் பேதுருவைத்தான் நான் நினைத்தேன். விசுவாசத்தைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு என்ன வெட்கம், எந்தக் காலத்தில் இருக்கிறோம், சிங்கத்தின் வாயிலா தள்ளப் போகிறார்கள் என்றெல்லாம் மனதுக்குள் பிரசங்கம் ஓடியது. அந்தப் பிரசங்கத்தை எழுத்தரிடமும் கொஞ்சம் இறக்கிவைத்தேன். அவர் படகர். அந்த அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். ஏதோ கோப்புக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். கடைசி முடிச்சைப் போடும்வரை பதில் சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், இந்த அலமாரியில் அந்த மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவரையும் நான் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் கேட்டதில்லை."

உதவித்தொகைக்காகவா என்று கேட்டேன், கொஞ்சம் ஏளனமாகத்தான். ஆதிதிராவிடர் கிறிஸ்தவர்களுக்கும் மாநில அரசு உதவித்தொகை தருகிறதே, பொய் எதற்கு? அவர் அதற்கும் நிதானமாகச் சொன்னார். "படிக்கும்வரை கை கொடுப்பார்கள் மேடம். படித்து முடித்த பிறகு?"

படித்து முடித்த பிறகு என்ன என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் என் வீட்டு வாசலுக்கு வராத விஷயம் என்பதால் கவனிக்காமல் இருந்தேன். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருப்பவர் மட்டுமே பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார், வேலைக்கான போட்டியில் என்னைப் போன்றவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார். ஊரில் யாராவது சாதி சொல்லி அடித்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்குத் துணைக்கு வராது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா கையை ஓங்குகிறான்? சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர், மற்றவர்களுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அந்தச் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று அவர் நிரூபிக்கவில்லையாம். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பிப் பிரித்து வைத்த சபைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டு அழுவதா சிரிப்பதா?

அந்த ஒரே வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிப்பூர்ப் பெண் கிறிஸ்தவள், பழங்குடி. பழங்குடிப் பட்டியலுக்கு மதம் கிடையாது என்பதால் அவள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சான்றிதழ் மாறாது. கோத்தர் பையனுக்கும் அப்படியே. படகர் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர். என்னைப் பாருங்கள்: இந்து நாடாரும் பிற்படுத்தப்பட்டோர், கிறிஸ்தவ நாடாரும் பிற்படுத்தப்பட்டோர். என் கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் எடுத்ததற்காக எங்கள் குடும்பத்தில் யாரும் அரசாங்கத்திடம் ஒரு பைசா இழக்கவில்லை. கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போகலாம். அந்த அறையிலேயே, விசுவாசத்துக்காகச் சட்டம் விலை கேட்டது அந்த ஒருத்தியிடம்தான். அவளிடம்தான் நான் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டேன்.

அதிலும் சிலோனிலிருந்து வந்த குடும்பத்துக்கு அந்தச் சான்றிதழ் கைக்கு வருவதே பெரும்பாடு. சொந்த ஊர் எது, பாட்டனின் சாதிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். ஊரைவிட்டுக் கப்பல் ஏறி மூன்று தலைமுறை ஆனவர்களிடம் என்ன இருக்கும்? திரும்பி வந்தபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருப்பார்கள். அவள் தாத்தா அதை எடுத்துக்கொண்டு எத்தனை முறை பஸ் ஏறினார் என்பதை எழுத்தர்தான் எனக்குச் சொன்னார். "அந்தப் பெரியவர் இங்கேயும் வந்தார் மேடம். விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தைக் காட்டி, இதை நீங்களே எழுதிவிடுங்கள் ஐயா என்றார். நான் எழுதினேன்."

பேதுருவின் கதையை அன்று இரவு எடுத்து மறுபடி படித்தேன். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. மறுதலித்தவனைப் பற்றித்தான் எல்லாப் பிரசங்கமும். கேட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முற்றத்தில் தீ மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தவர்கள் மத்தியில், ஒரு வேலைக்காரி வந்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்கிறாள். அவள் கெட்டவள் என்று எங்கும் எழுதவில்லை. அவளுக்கு ஞாபகசக்தி நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் பேதுருவை அவனுடைய பேச்சு காட்டிக்கொடுக்கிறது, கலிலேயாக்காரனின் பேச்சு. இவளை அந்த இழுப்பு காட்டிக்கொடுத்தது. முற்றத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் சுகமாக நின்றவள் நான்.

அதற்குப் பிறகு

அவள் கல்லூரியை விட்டுப் போகவில்லை. சினிமாவில் வருகிற மாதிரி என் முன்னால் வந்து அழவுமில்லை. பாடல் குழுவுக்கு மட்டும் வரவில்லை. தொண்டை சரியில்லை என்று அடுத்த டிசம்பரில் சொல்லியனுப்பினாள். நான் ஒருமுறை நூலகத்தில் தனியாகப் பார்த்து, அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். "எதை மிஸ்?" என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டாளோ என்று ஒரு கணம் நம்பும் அளவுக்குச் சாதாரணமாகக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் கேள்வியைத் திரும்பச் சொல்ல வேண்டும். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பட்டியல் வைத்துப் பிரிக்கும் வழக்கத்தை எடுத்துவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை, சொன்னால் மறுபடியும் அதே வேலையைச் செய்ததாகிவிடும். வேதபாடம் இல்லாமல் கிறிஸ்தவக் கல்லூரி எதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, நான் வேதபாடத்தை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு கூட்டம் இழுத்த பிறகு, யார் எந்த வகுப்புக்கு வேண்டுமானாலும் போகலாம், பெயர் வாசிக்காமல் தலையை மட்டும் எண்ணிக்கொள்ளலாம் என்று முடிவானது. விளைவு வேடிக்கையாக இருந்தது. மணிப்பூர்ப் பெண் நன்னெறிக்கு வந்துவிட்டாள், மாடி வகுப்பில் வெயில் விழும் என்பதற்காக. படகர் பையன்கள் இரண்டு பேர் வேதபாடத்துக்குப் போனார்கள். அந்த ஆசிரியர் மாதக் கடைசியில் வர்க்கியும் டீயும் வாங்கிக் கொடுப்பார். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள், அதே ஜன்னலோரம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் திறந்து வைத்த கதவு வழியாக அவள் போய், நான் செய்ததைச் சரியாக்கிவிட வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போகிறார்கள் என்பது முதல் பஸ் முழுக்கத் தெரிந்த ஊரில் அவள் எப்படிப் போவாள்?

இப்போது அந்தத் தீர்ப்பு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போட்ட வழக்கு. கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தின் பதிவேடு சான்றாக வந்தது. தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே, இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்புச் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் இருக்கிறபடி பார்த்தால் நீதிபதிகள் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். சட்டம் அப்படி இருக்க வேண்டுமா என்பதுதான் என் சண்டை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே மதத்தையும் பட்டியலையும் பிரித்துவிடச் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். ஆணையங்கள் ஒரு பக்கம் நடக்கட்டும். செய்தியில் 'மோசடி' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, அந்த மேசையின் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்த கட்டைவிரல்.

இதை எழுதி முடித்து அவளுக்கு அனுப்பினேன். அவள் இப்போது வேலையில் இருக்கிறாள். எங்கே, எந்த ஒதுக்கீட்டில் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தோட்டத்தின் பெயரையும் கீர்த்தனையின் முதல் அடியையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தாள். எடுத்துவிட்டேன். இன்னும் சிலவற்றை நானே மாற்றியிருக்கிறேன், எதை என்று கேட்காதீர்கள். கீழே இன்னொரு வரி: "வருகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குப் பெயர் வைக்கிறோம் மிஸ். தாத்தா உங்களை அவசியம் வரச் சொன்னார்."

எங்கே, எத்தனை மணிக்கு, வீட்டிலா, வேறெங்குமா என்று எதுவும் இல்லை. போனை எடுத்துத் தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி தட்டச்சு செய்து, கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். முதல் பஸ் இன்னும் அதே நேரத்துக்குத்தான் வருகிறதா?

"இப்போதும் தாமதமாகத்தான் வருகிறது மிஸ். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றாள்.